ராவிய இரும்பு



ஐதராபாத்தில் மல்லேப்பள்ளி என்று ஒரு பகுதி. அங்கே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. 1950இல் மத்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி நாடெங்கும் இப்படிப்பட்ட நிலையங்கள் நடக்கின்றன.

ஃபிட்டர் பிரிவில் தொடக்கத்தில் பழகும் வேலை, இரும்புத் துண்டை அரத்தால் ராவுவது. ஆசிரியர் அதன்மேல் மூலைமட்டத்தை வைப்பார். வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். இடையில் ஒளி தெரிந்தால் அங்கே பள்ளம். பத்துக்கு நான்கு என்று எழுதிவிட்டுப் போகலாம். பையனுக்கு என்ன விளங்கும்? "இந்த ஓரத்தில் அரம் சாய்கிறது, கையைச் சமமாக வை" என்றால் அடுத்த துண்டு திருந்தும். மட்டத்தை அவன் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது.

எழுத்துத் தேர்வும் உண்டு. ஐதராபாத்தில் தெலுங்கு பேசுபவரும் உருது பேசுபவரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். கேள்வி புரியாமல் விழிப்பவனுக்குத் தொழிலே தெரியாது என்று சொல்லலாமா? வாயால் கேட்க வேண்டும். செய்து காட்டச் சொல்ல வேண்டும். தேர்வில் தவறி, வெட்கப்பட்டுப் பாதியில் நின்றுவிட்டால் சான்றிதழ் கிடையாது.

உங்கள் பிள்ளை ஐ.டி.ஐ.யில் படிக்கிறானா? மதிப்பெண்ணை மட்டும் கேட்காதீர்கள். ஆசிரியர் இன்று எங்கே திருத்தினார் என்று கேளுங்கள். ஒருமுறை நேரிலும் போய் வாருங்கள். அங்கே அறிவிப்புப் பலகை இருக்கும். இப்போதுதான் உங்களுக்குப் படிக்கத் தெரியுமே!