பெட்டி சொல்வது பாதி

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! பெருங்களத்தூரிலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் நேரத்தோடு வந்து முன்வரிசையைப் பிடித்துவிட்ட பெருமக்களே!

"வண்டியின் கோளாறை அறிவது கருவியே" என்று நண்பர் முழங்கிவிட்டுப் போனார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கிறதாம். பெட்டியை மாட்டினால் எண் வருமாம். எண் வந்தால் வேலை முடிந்ததாம்! எண் வரட்டும் ஐயா, நான் மறுக்கவில்லை. 'பி 0301' என்றால் முதல் சிலிண்டரிலே தீ சரியாகப் பற்றவில்லை. நல்ல செய்திதான். ஏன் பற்றவில்லை? பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, வால்வா? அதைப் பெட்டி சொல்லாது. நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டு மெக்கானிக் என்ன செய்வார்? முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதிலே மாட்டி ஓட்டிப் பார்ப்பார். எண் 0302 ஆனால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் அடுத்த ஆளை விசாரிப்பார். (கைதட்டல்)

'மருந்து' அதிகாரத்திலே வள்ளுவர் நோயை வேறாகவும் நோய் வந்த காரணத்தை வேறாகவும் வைத்தாரே, சும்மாவா?

கடன் வாங்கி கால் டாக்ஸி ஓட்டுகிற பிள்ளை ஒருத்தனை நினைத்துப் பாருங்கள். 'பி 0171' வருகிறது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். எண்ணைப் பார்த்தவர், "ஆக்சிஜன் சென்சாரை மாத்துப்பா" என்கிறார். ஆயிரக்கணக்கிலே செலவழித்து மாற்றுகிறான். மூன்றாம் நாள் மறுபடி மஞ்சள் விளக்கு! காரணம் என்ன? ஒரு சின்ன ரப்பர் குழாய் வெடித்துக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. சென்சார் உண்மையைத்தான் சொன்னது. உண்மை சொன்ன சாட்சியைத் தூக்கிலே போட்டுவிட்டார்கள்! (சிரிப்பு) காது உள்ளவன் அந்த 'உஸ்' சத்தத்தைக் கேட்டிருப்பான்.

2020இலே பி.எஸ்.6 வந்து ஸ்கூட்டருக்கும் அந்த விளக்கு வந்துவிட்டதே என்பார்கள். வரட்டும்.

2015 டிசம்பரை மறப்போமா? முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிய நாட்கள். வெள்ளம் வடிந்ததும் அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் என்னாகும்? காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. தண்ணீர் நிற்கிற சிலிண்டரிலே பிஸ்டன் மேலே ஏறினால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். அதைப் பெட்டியா முன்கூட்டிச் சொல்லும்? "ஸ்டார்ட் பண்ணாதே, பிளக்கைக் கழற்று, கையால் எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை வெளியே தள்ளு" என்று சொன்னது அனுபவம், நடுவர் அவர்களே!

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு சேதி. நண்பரின் கார் வாசலிலேதான் நிற்கிறது, விளக்கு எரிந்தபடி. பெட்டி அவர் பையிலேயே இருக்கிறது. என்னிடம் கேட்டதோ மெக்கானிக்கின் போன் நம்பரை!