பேட்டரியை மாற்றும் முன் மீட்டரை வையுங்கள்

(ஏரலில் நமது அறக்கட்டளை நடத்திய வாகன ஓட்டுநர்கள் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

பெரியவர்களே, ஆட்டோவும் வேனும் ஓட்டுகிற தம்பிமார்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கிற பிற சமயச் சகோதரர்களே!

நமது ஆம்புலன்ஸ் ஒரே வருஷத்தில் இரண்டு பேட்டரியைத் தின்றது. பொதுக்குழுவில் அந்தக் கணக்கை வாசித்தபோது சிலர் முகம் சுளித்தீர்கள். சுளித்தது நியாயம்தான். அது நீங்கள் சதக்காவாகக் கொடுத்த பணம், எங்கள் கையில் இருக்கிற அமானிதம். அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று பேசுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த ஊரில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. பக்கத்திலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு ஊருக்குள் வந்தது. நம் வண்டியும் சீட் மட்டத்துக்கு மூழ்கிக் கிடந்தது. கழுவி, ஆயில் மாற்றி ஓட்ட ஆரம்பித்தோம்.

சில மாதம் கழித்து ஒரு ராத்திரி, பிரசவத்துக்காக ஒரு பெண்ணைப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில், ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் ஹெட்லைட் இரண்டும் பியூஸ் போய்விட்டன. வண்டிக்குள் அழுகிய முட்டை நாற்றம். இண்டிகேட்டர் வெளிச்சத்தில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் நலம்.

ஒரு கடையில் காட்டினோம். "பேட்டரி வீக்" என்று புதிது போட்டார்கள். நாலு மாதத்தில் அதுவும் போனது. மறுபடி புதிது.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். காலையில் செல்ப் எடுக்கவில்லை என்றால் சார்ஜ் பற்றவில்லை என்றே நினைக்கிறோம். சார்ஜ் அதிகமானாலும் அப்படித்தான் ஆகும். பேட்டரித் தண்ணீர் கொதித்து வாயுவாய்ப் போகும், உள்ளே தகடு காயும், பிறகு அது சார்ஜைப் பிடித்து வைக்காது. மதரஸாவில் இஸ்ராஃப் என்ற சொல்லுக்கு வீண்விரயம் என்று ஓதினோம். எல்லை மீறுவது என்பதும் அதன் பொருள்தான். பேட்டரிக்கு அது நன்றாகப் பொருந்துகிறது.

அடிக்கடி தண்ணீர் குறைகிறதா, பல்பு மாற்றி மாற்றி பியூஸ் போகிறதா, மூடிய பேட்டரியின் பக்கம் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு மீட்டர் வையுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நல்ல 12 வோல்ட் பேட்டரி, வண்டி ஓடாமல் கிடக்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும். இஞ்சினை ஓட விட்டு ரேஸ் கொடுத்தால் 13.8க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ஓவர்சார்ஜ். ஒன்று சொல்லிவிடுகிறேன்: மீட்டருக்குள் இருக்கிற சிறு பேட்டரி தீர்ந்திருந்தால் அதுவே கூட்டிக் காட்டும்.

நம் வண்டியில் 15.6 காட்டியது. டைனமோவைக் கழற்றலாம் என்றேன். வந்திருந்த எலக்ட்ரீஷியன் தம்பி, "அவசரப்படாதீங்க காக்கா" என்றார். டைனமோவில் ரெகுலேட்டர் என்று ஒரு காவல்காரன் இருக்கிறான். பேட்டரியில் எத்தனை வோல்ட் என்று ஒரு மெல்லிய ஒயர் அவனுக்குச் செய்தி சொல்கிறது. இஞ்சின் ஓடும்போதே, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை அந்த ஒயர் போய்ச் சேரும் இடத்திலும் வைத்தார். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 1.3 வோல்ட். வழியில் ஒரு கனெக்டருக்குள் வெள்ளத் தண்ணீர் தங்கி, பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. பேட்டரியில் 15.6 இருக்க, காவல்காரனுக்குப் போன செய்தி 14.3. அவன் மேல் குற்றமே இல்லை. களிம்பைச் சுரண்டிப் புதுக் கனெக்டர் போட்டதும் 14.2ல் நின்றது. இரண்டு பேட்டரியின் விலை எங்கே, ஒரு கனெக்டரின் விலை எங்கே!

ஆட்டோக்காரர்களுக்கு: பல ஆட்டோக்களில் ரெகுலேட்டர் தனி டப்பாவாக பாடியில் போல்ட் போட்டிருக்கும். அந்த போல்ட் வழியாகத்தான் எர்த். துரு பிடித்திருந்தால் முதலில் அதைத் தேய்த்து இறுக்குங்கள். அப்புறமும் ஏறினால் ரெகுலேட்டரை மாற்றலாம்.

ஒரு பழைய பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க, வண்டி ஓடும்போது பேட்டரி ஒயரைப் பிடுங்குகிறோமே, அதைத்தான் சொல்கிறேன். அந்த நொடியில் வோல்ட் எகிறும். இப்போதைய வண்டிகளின் கம்ப்யூட்டர் பெட்டி அதிலேயே போய்விடும். நாற்றம் வருகிற பேட்டரிப் பக்கம் பீடி, தீக்குச்சி கூடாது. வெளியேறுவதில் ஹைட்ரஜன் இருக்கிறது, வெடிக்கும்.

வெள்ளத்தில் நனைந்த வண்டிகள் நம் ஊரில் இன்னும் ஓடுகின்றன. மீட்டர் அறக்கட்டளை அலுவலகத்தில் இருக்கிறது. அஸருக்குப் பிறகு யாரும் வண்டியைக் கொண்டுவந்து பார்த்துக்கொள்ளலாம், கட்டணம் இல்லை.