இந்தத் தடவை ஏரியைப் பார்ப்போம்



கொடைக்கானல் போக ஆத்தூர் குழுக்கள் தீர்மானம் போட்டிருக்கிறோம். சந்தோஷம். ஆனா போன சுற்றுலாவில் என்ன நடந்துச்சு? ஒரே நாளில் ஒன்பது இடம். பார்த்ததைவிட வேனில் உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். பாத்ரூம் எங்கே இருக்கும்னு தெரியாம பாதிப் பேர் தண்ணியே குடிக்கலை.

இந்தத் தடவை ராத்திரியே கிளம்பி, மேகம் மூடுறதுக்குள்ள காலையிலேயே தூண் பாறையைப் பார்த்துடுவோம். மீதி நேரம் ஏரிக்குத்தான். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் உண்டாக்கின ஏரி அது. சுற்றிவர சுமார் 5 கிலோமீட்டர். முட்டு வலிக்காரங்க படகில் போகலாம்.

2024 மே மாதத்திலிருந்து அங்கே போற வண்டிக்கு இ-பாஸ் வேணும். டிரைவர் பார்த்துக்குவார்னு விடாம, ஊக்குநர் கையிலும் நகல் இருக்கட்டும். பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை. எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாங்க. கடல் காத்துக்குப் பழகின நமக்கு 7,000 அடி உயரத்துக் குளிர் தாங்காது, ஸ்வெட்டரும் வேணும்.

குழுக் கடன் நிதியில் கை வைக்க வேண்டாம். வாரம் 50 ரூபாய் தனி நோட்டில் சேர்ப்போம். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுற அக்காக்களுக்குக் கூலி போகும். அவங்களைக் கேட்டுத்தான் தேதி வைக்கணும்.

"பொம்பளைங்களுக்கு எதுக்கு டூர்?" போன தடவை இந்த ஒரு கேள்வியால் நாலு பேர் கடைசி நேரத்தில் நின்னுட்டாங்க. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் அவங்க வீடுகளுக்கு நாமே போய்ப் பேசுவோம்.