தரையிலிருந்து பிள்ளை எழுவதைக் கவனியுங்கள்

(பாலசமுத்திரத்தில் பெற்றோரிடையே ஆற்றிய உரை)



பக்கத்துல பழனி மலைப் படியில சின்னப் பிள்ளைங்க நம்மை முந்திக்கிட்டு ஓடுவாங்க. ஒரு பையன் மட்டும் பத்துப் படியிலேயே நின்னுட்டா, "சோம்பேறி, தூக்கிச் சுமந்தே பழக்கிட்டாங்க" என்போம். அது தசைச் சிதைவு நோயாகவும் இருக்கலாம்.

சிறுவர்களிடம் அதிகம் காணப்படுவது டூஷென் வகை. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. தசையைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் உடலில் உருவாகாததே காரணம்.

அறிகுறிகள் என்ன? நடக்கத் தாமதமாகும். அடிக்கடி விழுவான். நுனிக்காலில் நடப்பான். கெண்டைக்கால் பருத்திருக்கும், திடமா இருக்கான்னு நினைச்சுடாதீங்க. முக்கியமாக, தரையிலிருந்து எழும்போது முழங்காலிலும் தொடையிலும் மாறி மாறிக் கையை ஊன்றித்தான் நிமிர்வான். அதை உங்க செல்போன்ல வீடியோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க.

அடுத்தது சிபிகே ரத்தப் பரிசோதனை. இந்த நோயில் அந்த அளவு பல ஆயிரமாக உயர்ந்திருக்கும். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி அளவுகளும் கூடும். அதைப் பார்த்து கல்லீரல் கோளாறு என்று வைத்தியம் செய்து காலம் போய்விடுவதும் உண்டு. "சிபிகே பார்க்கலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். பிறகு மரபணுப் பரிசோதனை உறுதி செய்யும். கோவையில் உள்ள எம்.டி.சி.ஆர்.சி. மையம் இதற்கான பரிசோதனையும் ஆலோசனையும் அளிக்கிறது.

சொந்தத்துல கட்டினதால வந்துச்சுன்னு மருமகளைக் குத்திக் காட்டாதீங்க. டூஷென் அப்படி வருவதில்லை. தாயிடமிருந்து வரலாம், மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்குப் புதிதாகவே மரபணு மாற்றம் நேர்கிறது. தாய்க்கு அந்த மரபணு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால் அடுத்த குழந்தைக்கு முன்பே ஆலோசனை பெறுங்கள்.

முழுமையாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் மருத்துவர் மேற்பார்வையில் ஸ்டீராய்டு மாத்திரை, இயன்முறைப் பயிற்சி, இதய நுரையீரல் கண்காணிப்பு இருந்தால் பிள்ளை கூடுதல் ஆண்டுகள் நடப்பான்.

அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். சந்தேகத்துக்கு 104-ஐ அழையுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்நோயும் அடங்கும். யுடிஐடி அட்டைக்கு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும், தரையில விளையாடுற பிள்ளையைக் கூப்பிடுங்க. எப்படி எழுந்து வர்றான்னு பாருங்க.