வலிக்காத கால்
(அறக்கட்டளையின் சர்க்கரை நோய் விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சென்ற கோடையில் நம் பெரியவர் ஒருவர் ஜும்ஆ முடிந்து, செருப்பைத் தேடி வெயிலில் வெறுங்காலோடு நின்றார். வீட்டில் பேத்திதான் பார்த்தாள்: இரண்டு பாதத்திலும் கொப்புளம். "வலிக்கலையே, அப்புறம் என்ன?" என்றார் அவர். அந்த வலியில்லாமைதான் நோய். அதைச் சொல்லவே இன்று கூடியிருக்கிறோம்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாகவே இருந்தால் நரம்புகளும், அவற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் கெடுகின்றன. பாதத்துக்குப் போகும் நரம்புதான் மிக நீளமானது. அதனால் முதல் அடி அங்கே விழுகிறது. முதலில் எரிச்சல், பிறகு மதமதப்பு, கடைசியில் உணர்ச்சியே இல்லை.

இதில் வெள்ளை அணுக்களுக்கும் பங்கு உண்டு. அவற்றில் 'மேக்ரோஃபேஜ்' என்ற வகை, கிருமிகளையும் சிதைந்த திசுவையும் விழுங்கும். 2025-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வில், கொழுப்பும் இனிப்பும் மிகுந்த தீனி கொடுத்த எலிகளில், நரம்பு முனைகள் அழியும் முன்பே இந்த அணுக்கள் அங்கே வந்து சேர்ந்தன. அவற்றை வரவிடாமல் தடுத்தபோது நரம்பு இன்னும் சீக்கிரம் கெட்டது. காக்கத்தான் வந்திருக்கின்றன! ஆனால் இது எலிகளில் கண்டது. "எதிர்ப்புச் சக்தி கூட்டும்" என்று விற்கிற பொடியை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை கூடினால் வெள்ளை அணுக்களே சோர்ந்துவிடும். சின்னப் புண்ணும் சீழ் பிடித்து, காலை எடுக்கும் நிலைக்குப் போய்விடும்.

நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஐவேளை உளூவில் காலைக் கழுவுகிறோம். அதில் ஒரு வேளையாவது பாதத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். கழுவியபின் விரல் இடுக்கில் ஈரம் நிற்காமல் துடையுங்கள். வெந்நீரில் காலை வைக்கும் முன் முழங்கையால் சூடு பாருங்கள். துறைமுகத்திலும் எண்ணூர் ஆலைகளிலும் வேலை செய்பவர்கள் ஷூவைத் தட்டிவிட்டு மாட்டுங்கள். உள்ளே ஆணியோ கல்லோ இருந்தால் உங்கள் காலுக்குத் தெரியாது.

சிகிச்சைக்கு நாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. டாக்டர் எம். விசுவநாதன் 1954-லேயே நம் ராயபுரத்தில் தொடங்கிய மருத்துவமனை, பின்னர் சர்க்கரை நோய்க்கென்றே தனி மருத்துவமனையாக மாறியது. அரசு ஸ்டான்லி மருத்துவமனையும் பக்கத்தில்தான். ஆண்டுக்கு ஒரு முறை பாதப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலை.

அந்தப் பெரியவரின் கால் பிழைத்தது, அல்ஹம்துலில்லாஹ். பேத்தி பார்த்ததால் பிழைத்தது. இன்று இரவு உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாதத்தைப் பாருங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக, ஆமீன்.