நாணத்தால் நழுவும் நான்கு மணி நேரம்

கொச்சியில் மட்டாஞ்சேரியை அடுத்த சுள்ளிக்கல்லில் நாம் குடியேறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பது நமது தொழில். இவ்வட்டாரத்துக்குத் தமிழர் புதியவர் அல்லர். போர்ட் கொச்சியில் தலைமுறை தலைமுறையாகச் சலவைத் தொழில் செய்துவரும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அண்மையில் பிழைப்பு நாடி வந்தவர்களும் பலர். மலையாளத்தில் எழுதிய காகிதம் எதுவாயினும் அவர்கள் நம்மிடம் கொண்டு வருவது வழக்கம். ஒரு நாள் காலை, காகிதத்துக்குப் பதிலாக ஓர் இளைஞரையே அழைத்து வந்தார்கள்.

அவர் கூடலூர்ப் பக்கத்தவர். லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. வயது இருபத்திரண்டு இருக்கலாம். அக்கம்பக்கத்து டாக்டர் ஒருவரிடம் "வயிற்று வலி" என்று கூறி மாத்திரை வாங்கி உண்டிருந்தார், வலி தணியவில்லை. அழைத்து வந்தவர்கள் அப்பால் சென்ற பின்னரே நம்மிடம் மெல்ல வாய் திறந்தார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சது, ஐயா. இன்னும் அடங்கலை. இதை யார்கிட்ட, எப்படிச் சொல்றது?"

நோவு வயிற்றில் இல்லை, ஆண்குறியில் இருந்தது. விருப்பம் எதுவுமின்றித் தூக்கத்தில் தோன்றிய விறைப்பு, எட்டு மணி நேரம் சென்றும் தணியாமல் அவரை வாட்டியது. உடனே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே டாக்டர் கேட்ட முதற் கேள்வி, "அரிவாள் ரோகமுண்டோ?" என்பதே. உண்டு என்றார் இளைஞர். சிறு வயதிலேயே நீலகிரியில் இரத்தம் சோதித்துச் சொல்லியிருந்தார்களாம். ஆனால், அந்த நோய்க்கும் இந்த வேதனைக்கும் தொடர்பு உண்டு என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

அந்தத் தொடர்பு யாது? இரத்தத்தின் சிவப்பணுக்கள் இயல்பாக வட்டமானவை. எளிதில் வளைந்து கொடுப்பவை. அரிவாள் அணு நோய் பெற்றோர் வழியாக வருவது. இந்நோய் உடையவர்களிடம், பிராணவாயு குறையும்போது அவ்வணுக்கள் விறைத்து, கதிர் அறுக்கும் அரிவாள் போல் வளைந்துவிடுகின்றன. நுண்ணிய குழாய்களில் சிக்கி ஓட்டத்தைத் தடுக்கின்றன. விரைவில் உடைந்தும் போகின்றன. உடைந்த அணுக்களிலிருந்து கசியும் பொருள், இரத்தக் குழாய்கள் சுருங்குவதையும் விரிவதையும் ஒழுங்குபடுத்தும் நைட்ரிக் ஆக்சைடைக் கவர்ந்து அழிக்கிறது. எனவே ஆண்குறியினுள் புகுந்த இரத்தம் வெளியேற வழியின்றித் தேங்கி நின்றுவிடுகிறது. இது காமத்தால் வருவதன்று. ஒழுக்கக் கேட்டால் வருவதுமன்று. கை கால்களில் இந்நோயாளிகளுக்கு வரும் வலியைப் போன்றே இதுவும் ஓர் இரத்தத் தடை.

இந்நோய் நமக்கு அயலானதும் அன்று. 1910ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் ஹெரிக் என்னும் மருத்துவர் இவ்வணுக்களைப் பற்றி முதன்முதலாக எழுதினார். 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இந்த இரத்தக் கூறு இருப்பது கண்டறியப்பட்டது. வயநாட்டிலும், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ஒடிசா முதலிய மாநிலங்களிலும் இது பரவலாக உண்டு. 2047க்குள் இந்நோயை ஒழிக்கும் நோக்குடன் 2023 ஜூலையில் மத்திய சர்க்கார் ஓர் இயக்கத்தையே தொடங்கியது. இந்நோயுள்ள ஆடவருள் ஏறக்குறைய மூவரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இவ்வேதனைக்கு ஆளாகின்றனர் எனப் பிற நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. பெரும்பாலும் பதின்ம வயதிலேயே இது தலைகாட்டுகிறது.

யாருக்கு ஆபத்து மிகுதி? தாய், தந்தை இருவரிடமிருந்தும் அரிவாள் கூற்றைப் பெற்றவர்களுக்கு மிகுதி. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்கு மிகவும் அரிது. அணுக்கள் விரைந்து உடைந்து, சோகையும் கண்மஞ்சளும் மிகுந்தவர்களுக்கு இன்னும் கூடுதல். எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை, முன்பே சிறிது நேரம் வந்து தானாகத் தணிந்த விறைப்பு. நம் இளைஞருக்கும் முந்திய இரண்டு மாதங்களில் பலமுறை விடியற்காலையில் இவ்வாறு வந்து, அரை மணியில் அடங்கியிருந்தது. அவர் அதைக் கனவென்று தள்ளிவிட்டார்.

இனி, தூண்டிவிடும் காரணங்கள். அன்று பகல் முழுவதும் அவர் வெயிலில் சரக்கு ஏற்றினார்; போதிய தண்ணீர் குடிக்கவில்லை. உடம்பில் இலேசான காய்ச்சல். மாலையில் நண்பர்களோடு மது. நீர் வறட்சி, காய்ச்சல், மது ஆகிய மூன்றும் ஒரே இரவில் கூடிவிட்டன. கடுங்குளிர், கஞ்சா முதலிய போதைப் பொருள்கள், மனநோய்க்கும் தூக்கமின்மைக்கும் தரப்படும் சில மருந்துகள், வீரியம் தரும் என்று கடையில் விற்கும் மாத்திரைகள் ஆகியவையும் இதைத் தூண்டக்கூடும். ஆதலால் எந்த டாக்டரிடம் சென்றாலும், "எனக்கு அரிவாள் அணு நோய் உண்டு" என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

வந்துவிட்டால் செய்ய வேண்டியது என்ன? தண்ணீர் நிறையக் குடித்து, சிறுநீர் கழித்து, சற்று நடக்கலாம். வெதுவெதுப்பான நீரில் குளிக்கலாம். பனிக்கட்டி வைப்பது தவறு. குளிர்ச்சி அணுக்களை மேலும் விறைக்கச் செய்யும். இரண்டு மணி நேரத்தில் தணியாவிட்டால் மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிட வேண்டும். நான்கு மணி நேரம் கடந்தால் அது ஒரு கணமும் தாமதிக்கலாகாத அவசர நிலை. தேங்கிய இரத்தத்தை ஊசியால் வாங்கி, குழாய்களைச் சுருக்கும் மருந்தைச் செலுத்துவார்கள். தாமதம் நீள நீள, உள்ளிருக்கும் தசை மடிந்து நார்போல் ஆகிவிடும். ஒரு நாளைக் கடந்தால் இல்லற ஆற்றல் மீள்வது அரிது.

நம் இளைஞருக்குச் சிகிச்சை தொடங்கியபோது பதினோரு மணி நேரம் கழிந்திருந்தது. விறைப்பு தணிந்தது, வலியும் நீங்கியது. மறுநாள் அவர் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுச் சொல்லும்படி நம்மை வேண்டினார்: "தை மாசம் கல்யாணம் வச்சிருக்காங்க. பண்ணிக்கலாமா?" இருபது ஆண்டுகளாக எத்தனையோ சட்டங்களையும் சுற்றறிக்கைகளையும் மொழிபெயர்த்திருக்கிறோம், அந்த ஒரு வாக்கியத்தைப் போல் எதுவும் நமக்குக் கடினமாக இருந்ததில்லை. "சில மாதம் பொறுத்துப் பார்ப்போம், இரண்டு மணிக்கே வந்திருந்தால் இக்கேள்விக்கே இடமிருந்திராது" என்றார் டாக்டர். அதையும் மொழிபெயர்த்தோம்.

அயல் மாநிலத்தில் வாழும் தமிழர்க்கு நாணம் ஒரு பூட்டு என்றால், மொழி மற்றொரு பூட்டு. வேறு சொல் தெரியாவிட்டால், "குறி விறைப்பு, தணியவில்லை, இத்தனை மணி நேரம்" என்று ஒரு தாளில் எழுதியேனும் காட்டுங்கள். இந்நோயுள்ள மகனுக்குப் பத்து வயது நிறைவதற்குள் தந்தையோ தாய்மாமனோ இதைத் தனியே அழைத்துச் சொல்லிவைக்கட்டும். சொல்வதற்குச் சில நிமிடம் போதும்.