பொன்டூனா, பௌரைடரா? அம்மம்மாவையும் கேளுங்கோ

இந்த எபிசோடில் ஒரு நேயரின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அவர் ரொறன்ரோவில் இருக்கிறார். இரண்டு சின்னப் பிள்ளைகள், கூடவே அம்மம்மா. கோடையில் சிம்கோ ஏரிக்குக் குடும்பமாகப் போக ஒரு போட் வேணும். பொன்டூன் வாங்கவா, பௌரைடர் வாங்கவா என்று கேட்கிறார்.

பொன்டூன் என்றால் நீளமான இரண்டு அலுமினியக் குழாய்களுக்கு மேலே போட்ட தட்டையான தளம். சுற்றிவர சோபா, மேலே நிழல். எழும்பி நடந்தாலும் பெரிசா ஆடாது. முழங்கால் நோ உள்ள ஆள்கூட டொக்கில் இருந்து அப்படியே நடந்து ஏறலாம். பௌரைடரின் அடிப்பக்கம் வி வடிவம். அலையை வெட்டிக்கொண்டு போகும், வளைவில் நல்லாத் திரும்பும், பிள்ளைகளை டியூபில் இழுக்கவும் வசதி. ஆனால் உள்ளே இறங்கித்தான் ஏறவேணும், இடமும் குறைவு.

விற்கிற இடத்தில் வேகத்தைப் பற்றித்தான் கூடக் கதைப்பினம். நீங்கள் கேட்கவேண்டியது இரண்டே கேள்வி: எந்தத் தண்ணி? யார் வருகினம்?

சிம்கோ சுமார் 720 சதுர கிலோமீட்டர் திறந்த ஏரி. காற்று எழும்பினால் கிட்டக்கிட்ட, செங்குத்தாக அலை வரும். அந்த நேரம் எல்லாரும் முன்பக்கம் இருந்தால் பொன்டூனின் மூக்கு தாழும், தளத்துக்கு மேலேயே தண்ணி ஏறலாம். பக்கமெல்லாம் உயரம் என்பதால் டொக்கில் கட்டும்போதும் காற்று தள்ளும். அதே அலையில் பௌரைடர் நல்லாப் போகும். ஆனால் முன் இருக்கையில் இருக்கிறவரின் முதுகு பாவம்.

அதனால் என்ர கருத்து இதுதான். தெற்கே குக்ஸ் பே மாதிரி ஒரு குடாவுக்குள் சுத்தி, நங்கூரம் போட்டு, சாப்பிட்டு, குளிக்கிற குடும்பத்துக்குப் பொன்டூன். ஏரியைக் குறுக்கே கடக்கிறதும் டியூப் இழுக்கிறதும்தான் முக்கியம் என்றால் பௌரைடர். இரண்டும் வேணும் என்றால் மூன்று குழாய் உள்ள ட்ரைடூனைப் பாருங்கோ, விலை கூட.

எதை வாங்கினாலும் சில விசயத்தில் விட்டுக்கொடுக்காதீங்கோ. பொன்டூன் ஓடும்போது முன் கேட்டைத் திறந்து காலைத் தொங்கவிட்டு இருக்கக்கூடாது. விழுந்தால் ஆள் போட்டுக்குக் கீழேதான் போவார். பின்னால் புரொப்பெல்லர் சுத்துது. யாரும் தண்ணியில் இறங்க முதல் எஞ்சினை நிறுத்துங்கோ. டியூப் இழுக்கும்போது, ஓட்டுகிறவரைத் தவிர இன்னொருவர் பின்னால் பார்த்துக்கொண்டு இருக்கவேணும்; அது கனடாவில் சட்டம். ஓட்டுகிறவரிடம் தகுதி அட்டை வேணும். ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி போட்டில் இருக்கவேணும். பிள்ளைகளுக்கு இருந்தால் மட்டும் போதாது, போட்டே விடுங்கோ.

வாங்க முதல் இரண்டையும் அரைநாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கோ. கொஞ்சம் காத்தடிக்கிற நாளாப் பார்த்து, அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ. அவா சிரிச்சுக்கொண்டு இறங்கினால் அந்த போட்தான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.